முதலில் கேட்ட வீடு

சுபஹ் தொழுதுவிட்டுத் தொலைபேசியைப் பார்த்தேன். எங்கள் பாடசாலைக் கட்டடக் குழுவின் வட்ஸ்அப்பில் செய்தி வந்திருந்தது: பரீதா ராத்தா மௌத்தாகிவிட்டார். அதன் கீழே துஆக்கள் வந்து குவிந்துகொண்டிருந்தன. இன்னாலில்லாஹி சொன்ன வாய் மூடுமுன் எனக்குத் தோன்றியது, நான் இறந்துபோனால் இத்தனை பேர் எழுதுவார்களா என்பதுதான். அவரை அறிந்த உங்களிடம் இதை மறைத்து அஞ்சலி எழுத எனக்கு வராது.

கரைத்தீவுப் பக்கத்துக் குடியிருப்பில் சின்னப் பிள்ளைகள் பஸ்ஸுக்குக் காத்துநின்று தூரத்துப் பாடசாலைக்குப் போய்க்கொண்டிருந்த காலம். கட்டடத்தை நீங்கள் கட்டுங்கள், ஆசிரியர்களை நாங்கள் தருகிறோம் என்றது கல்வி அலுவலகம். குழுவின் செயலாளர் நான். ஓய்வுபெற்ற ஆசிரியை, மேடையில் பேசத் தெரிந்தவள். ராத்தா உப்பளத்தில் வேலை செய்தவர், தொண்ணூறில் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு அகதியாக வந்தவர். கட்டட நிதி கேட்டு வீடுவீடாகப் போக எங்கள் இருவரையும் சோடி சேர்த்தார்கள்.

நான் கடைக்காரர், தோட்டக்காரர் பெயர்களை எழுதி, தகர வீடுகளை இரக்கப்பட்டுக் கழித்திருந்தேன். ராத்தா பட்டியலை மடித்து என் கைப்பையில் வைத்துவிட்டு, கழித்த வீடொன்றுக்கு நேரே நடந்தார். கணவனை இழந்த ஒரு பெண்ணின் வீடு. "ராத்தா, அதுகளிட்ட என்னத்தக் கேக்கிற?" என்று அவர் சேலையைப் பிடித்து இழுத்தேன்.

"டீச்சர், தொண்ணூறுல இருந்து எங்கட வாசலுக்கு எல்லாரும் குடுக்கத்தான் வந்தாங்க. ஒருத்தரும் கேட்டு வரல்ல. கேக்கிறதும் மரியாததான்."

அந்தப் பெண் ஒரு சேவலைக் காலைக் கட்டிக் கொடுத்தாள். கொடுத்தபோது அவள் நின்ற நிமிர்வை நான் அதற்கு முன் கண்டதில்லை. ஓட்டோவில் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தவள் நான். மடிப்புக் கலையாமல் உடுத்த சேலை பாழாகிவிட்டது.

சேவல் கதை பரவியது. மீன்பிடிக்கிறவர்கள் ஒருநாள் பிடிப்பைத் தந்தார்கள். மேசன்மார் கூலியில்லாமல் வந்தார்கள். என் பட்டியலில் இருந்தவர்கள் தேநீர் தந்து, "பாப்பம் டீச்சர்" என்றார்கள். போன இடமெல்லாம் "ராத்தா வரல்லியா?" என்ற கேள்வி வேறு. வயிறு எரிந்தது.

திறப்பு விழாவில் நன்றியுரை சொல்ல என்னை விட்டார்கள். "கேட்பதும் ஒரு மரியாதை" என்றேன், யார் சொன்னது என்று சொல்லாமல். கைதட்டல் ஓயவில்லை. பின்வரிசையில் சர்பத் கொடுத்துக்கொண்டிருந்த ராத்தாவும் தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கைதட்டினார். பிறகு வந்து, "நல்லாப் பேசினீங்க டீச்சர்" என்றார். குத்தலாக ஏதும் சொல்லியிருந்தால் என் மனம் ஆறியிருக்கும்.

மௌத்து வீட்டில் அவர் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "உம்மா அடிக்கடி சொல்லுவா, தான் சொன்னது எங்கட வாசலோட நிண்டிருக்கும், டீச்சர் பேசினதாலதான் ஊரெல்லாம் போச்சு எண்டு." அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. அங்கேயும் நான் தோற்றேன்.

இரண்டாவது கட்டடத்துக்கு நிதி சேர்க்க அடுத்த வாரம் புறப்படுகிறோம். மௌத்து நடந்த வீடு, ராத்தாவின் வீட்டைக் கழித்துவிடுவோம் என்றார் குழுவில் ஒருவர். நான் விடவில்லை. ராத்தாவிடமிருந்து என்னிடம் இருப்பது அந்த ஒரு சொல்தான், அதுவும் திருடியது. அது அவருடையது என்று இங்கே எழுதிவிட்டேன். முதலில் அவர் வீட்டுக்குத்தான் போவேன். அவர் மகளிடம் கேட்பேன்.