கிளேஸுக்கு அடியில் கிடந்த கீறல்

எனக்கு எழுபத்து நாலு வயது. பெற்றது மூன்று, தம்பி விட்டுப்போனது இரண்டு, ஆக ஐந்து பேரை வளர்த்து ஆளாக்கினேன். எழுத்து என் பேர் போடும் அளவுக்குத்தான். நான் சொல்லச் சொல்லப் பேத்தி ஜெனி எழுதுகிறாள். செயற்கைப் பல் செய்யும் லேபில் புதிதாகச் சேரும் பிள்ளைகள் கேட்டுக்கொள்ளட்டும்.

தொண்ணூறுகளில் ஆம்பூரில் தோல் ஃபினிஷிங் செக்‌ஷனில் இருந்தேன். ஆட்டுத் தோலில் முள் கீறல் இருந்தால் தேய்த்துவிட்டு, மேலே கோட் அடித்துப் பளபளப்பு ஏற்றுவோம். என் கை பட்ட தோலில் கீறல் எங்கே இருந்தது என்று எந்த இன்ஸ்பெக்டராலும் காட்ட முடியாது. இரண்டாயிரத்துக்குப் பிறகு வேலூரில் பல் லேப் வைத்த ஜெபராஜ் சார் அதற்காகவே என்னைக் கூப்பிட்டார். அவரும் தோல் கம்பெனியில் இருந்து வந்தவர்தான்.

அப்போதுதான் சிர்கோனியா என்ற வெள்ளைப் பீங்கானில் செய்த பல் வரத் தொடங்கியிருந்தது. சென்னையில் கடைந்து சுட்டு அனுப்புவார்கள். டெக்னீஷியன் சலீம் அதை நோயாளியின் பல் அச்சில் வைத்துப் பார்த்து, இடிக்கும் இடத்தை டைமண்ட் கல்லால் தேய்ப்பான். நான் மேலே கிளேஸ் பூசுவேன். அது கண்ணாடிப் பூச்சு. ஃபர்னஸில் வைத்து எடுத்தால் நிஜப் பல்லாக மின்னும்.

தேய்த்த இடத்தை முதலில் ரப்பர் வீலில் பாலிஷ் போட வேண்டும் என்பான் சலீம். சார் விடமாட்டார்.

"இன்னாத்துக்குடா அது? டைம் ஜாஸ்தி ஆவுது. ரோஸம்மா கிளேஸ் போட்டா எல்லாம் மூடிக்கும்."

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

ஒரு நாள் மூன்று பல் சேர்ந்த பிரிட்ஜ் ஒன்று இரண்டு துண்டாகத் திரும்பி வந்தது. எடுத்து வந்தது அதைக் கட்டிய டாக்டரம்மாவே.

"கல்லு மாதிரி இருக்கும்னு சொல்லித்தானே குடுத்தீங்க? இட்லிக்கு உடையற பல்லு இன்னா பல்லு சார்?"

சார் சலீமைக் காட்டினார். "இவன் கை சரியில்ல மேடம். இன்னிக்கே வேலைய விட்டு அனுப்பிடறேன்."

சலீம் முகம் செத்துப்போனது. தங்கைக்கு நிக்காஹ் பேசி முடித்திருந்தான். கை சரியில்லை என்று பேர் வந்துவிட்டால் ஊரில் வேறு எந்த லேபும் அவனைச் சேர்க்காது.

டாக்டரம்மா துண்டை லென்ஸில் பார்த்தார். இரண்டு பல் சேரும் இடத்தின் அடிப்பக்கம், கிளேஸுக்குக் கீழே, கோடு கோடாகக் கல் தேய்த்த கீறல்.

"இங்கதான் விரிசல் ஆரம்பிச்சிருக்கு. பாலிஷ் பண்ணாமலே கிளேஸ் போட்டீங்களா?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. "அதான் மூடிட்டேனே டாக்டரம்மா. தொட்டுப் பாருங்க, வழவழன்னு இருக்கும்."

"மேல வழவழன்னுதாம்மா இருக்கு. கடிக்கறப்போ அடிப்பக்கம் இழுபடும், கீறல் வாயைத் தொறக்கும். கிளேஸ் வெறும் கண்ணாடி. அது புடிச்சு நிறுத்தாது."

"அப்ப கிளேஸே வேணாமா?"

"கிளேஸ் போட்டா பலம் கம்மியாவுதுன்னு சில பேர் சொல்றாங்க. ஒண்ணும் ஆவாதுன்னு சில பேர். எனக்கே குழப்பந்தான்."

படித்தவரே குழம்பினால் நான் எங்கே போவேன்? தோலில் மூடினால் மூடினதுதான். ஷூ தேய்ந்து குப்பைக்குப் போகும்வரை அந்தக் கீறல் வெளியே வராது. பல்லுக்கு மட்டும் ஏன் வேறு நியாயம்? ஆனால் ஒன்று எனக்குக் குழப்பமில்லாமல் தெரிந்தது. அதைச் சொன்னேன்.

"பாலிஷ் போடறேன்னு இவன் வாய் வலிக்கக் கேட்டானே சார். நீங்கதானே வேணாம்னீங்க?"

சார் என்னை முறைத்தார். டாக்டரம்மா சிரிக்காமல் கேட்டார்: "அப்ப யாரை அனுப்பணும் சார்?"

சார் சலீம் பக்கம் திரும்பாமலே சொன்னார்: "போய் ரப்பர் வீலை எட்றா."

அதற்குப் பிறகு எங்கள் லேபில் முதலில் பாலிஷ், அதன் மேல் மெல்லிசாகக் கிளேஸ். கிளேஸ் பலத்தைக் கூட்டுமா குறைக்குமா என்று கேட்டால் இன்றைக்கும் எனக்குத் தெரியாது. ஒருவர் ஒன்று சொன்னால் இன்னொருவர் வேறு சொல்கிறார். மினுக்கு கண்ணுக்கு, பலம் கடிக்கு. ஒன்றைப் பார்த்து இன்னொன்று இருக்கிறது என்று நம்பாதீர்கள்.

ஜெனி, எழுதினதைப் படிச்சுக் காட்டும்மா. சார் சொன்னதை சார் பேர்லயும், சலீம் சொன்னதை சலீம் பேர்லயும் போட்டிருக்கியான்னு கேக்கணும்.