முருகனுக்கு முதுகு காட்டும் சீட்டு

வாடகை வேன் ஓட்டுகிறவன் ரோட்டில் இருக்கிற பள்ளத்துக்கும் பதில் சொல்லியாக வேண்டும். திருத்தணி மலைக்கு ஜனங்களை ஏற்றி இறக்கிப் பிழைக்கிற உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. கல்யாணக் கூட்டமோ காவடிக் கூட்டமோ, என் வண்டியில் யார் வேண்டுமானாலும் ஏறலாம். என் மகள் வயிற்றுப் பேரன் ஏறத்தான் சட்டம் வந்தது.

மலையில் அவனுக்கு மொட்டை என்று முடிவானதும், பெங்களூரில் வேலை பார்க்கும் மாப்பிள்ளை, வண்டியில் குழந்தையை உட்கார வைத்துக் கட்டுகிற ஒரு தனி சீட்டைப் பார்சலில் அனுப்பினார். அது என் வேனில் ஒழுங்காக உட்கார்ந்தால் பேரன் என்னோடு மலை ஏறுவான். இல்லாவிட்டால் கனகம்மாசத்திரத்துச் சம்பந்தியின் காரில். அந்தச் சம்பந்தி, கல்யாணத்தன்று என் வேன் பக்கம் வந்து மூக்கைப் பொத்திக்கொண்டவர். அதை நான் மறக்கவில்லை. மறக்கிற உத்தேசமும் இல்லை.

காணாமல் போன பெல்ட்

அந்தச் சீட்டை வண்டியின் பெல்ட்டால் இழுத்துக் கட்ட வேண்டுமாம். என் வேனில் பின்னால் பெல்ட்டே இல்லை. வண்டி வாங்கியபோது இருந்ததாக ஞாபகம். தேடிப் பார்த்தால், ரெக்ஸின் உறை தைத்த சீட் கவர் கடைக்காரன் பெல்ட்டுகளை உள்ளே தள்ளி மேலே தைத்து மூடியிருக்கிறான்.

கடைக்கே போய்ச் சத்தம் போட்டேன். வாயில் இருந்த ஊசியைக்கூட எடுக்காமல் அவன் சொன்னான்: "பெல்ட்டு வெளிய இருந்தா ஆளுங்கள நெருக்கி ஒக்கார வெக்க முடியாது நைனா. ஒனக்கு நல்லதுதான் பண்ணேன்."

தட்டுக்கு வந்த யோகம்

தையலைப் பிரித்து, பெல்ட்டை உருவி, முன்பக்கம் பார்க்கிற மாதிரி சீட்டை நானே கட்டினேன். படியட்டும் என்று அப்படியே விட்டுவிட்டு, பள்ளிப்பட்டுக் கல்யாணக் கூட்டம் ஒன்றை ஏற்றினேன். அது என் புத்திகெட்ட வேலை. இந்தச் சீட்டில் கை வைக்காதீர்கள் என்று முன்கூட்டியே சொன்னேன். நம் ஜனங்களிடம் வைக்காதே என்று சொன்னால் வை என்று அர்த்தம்.

பாதி வழியில் கண்ணாடியில் பார்க்கிறேன், ஒரு பருத்த அம்மாள் சீர்வரிசைத் தட்டை அதில் உட்கார வைத்துப் பெல்ட்டும் போட்டுவிட்டாள். தேங்காயும் வாழைப்பழமும் மகாராஜா மாதிரி வருகின்றன. நான் முறைத்ததை அவள் பாராட்டாக எடுத்துக்கொண்டாள். "ஆங், குலுங்காம வருதுண்ணா. சீர்த்தட்டுக்குன்னே செஞ்சி வச்சியா?"

எந்தப் பக்கம் பார்ப்பது

செல்போனில் முகம் காட்டிப் பேசிய மாப்பிள்ளை, சீட்டைப் பார்த்ததும் அலறினார். குழந்தை பின்பக்கம் பார்த்துதான் உட்கார வேண்டுமாம். பிரேக் போட்டால் கழுத்து தாங்காதாம். எனக்கு ரத்தம் கொதித்தது. என் வண்டியில் முன்னால் முருகன் படம் இருக்கிறது. மேலே மலையிலும் அவர்தான். கோவிலை விட்டு வரும்போதுகூட முதுகைக் காட்டாமல் பின்பக்கமாகவே நடந்து வருகிறவர்கள் நாம். முடி கொடுக்கப் போகிற பிள்ளை சாமிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போவதா? முடியவே முடியாது என்றேன்.

அடுப்பங்கரையிலிருந்து என் சம்சாரம் வந்தாள். எனக்குப் பரிந்து பேசுவாள் என்று நினைத்தேன். "பின்னாடி கண்ணாடியிலயும் ஒரு முருகர ஒட்டுய்யா. மயில்மேல ஒலகத்தையே சுத்தி வந்தவரு, வேனுக்குப் பின்னாடி வரமாட்டாரா?"

ஆட்டிப் பார்த்தவர்

மொட்டையன்று காலை மாப்பிள்ளை வந்ததும் காப்பிகூடக் குடிக்கவில்லை. நேராக வேனில் ஏறி, நான் பின்பக்கம் பார்க்கத் திருப்பிக் கட்டியிருந்த குழந்தை சீட்டை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டினார். அது அசையவில்லை. அதைக் கட்டியிருந்த பெஞ்சு முழுசாகத் தூக்கிக்கொண்டு வந்தது. உங்களுக்குத் தெரியாததா? பந்தல் நாற்காலி ஏற்றுகிற நாளில் பெஞ்சைக் கழற்றுவோம், திரும்பப் போடும்போது கைக்குக் கிடைத்த போல்ட்டைப் போடுவோம்.

தாய்மாமன் மடியில் வைத்து மொட்டை அடிக்கலாம், அதே மடியில் மலை ஏறக் கூடாதா என்று கேட்டேன். தாய்மாமனான என் மகனே தரையைப் பார்த்தான். மாப்பிள்ளை பெல்ட்டை அவிழ்த்துக்கொண்டே சொன்னார்: "சீட்டு சரியாத்தான் மாமா இருக்குது. அத வெக்கறதுக்குத்தான் வண்டி இல்ல."

இடம் போன பெரிய மனிதர்

சீட்டு சம்பந்தியின் காருக்குப் போயிற்று. பேரனும் போனான். அந்தச் சனியன் பிடித்த சீட்டு பின்னால் பாதி இடத்தை அடைத்துக்கொண்டது. மீதியில் என் மகளும் அவள் மாமியாரும். மாப்பிள்ளை ஓட்ட, வாந்தி வருகிற அவர் அக்கா முன்னால். காருக்குச் சொந்தக்காரரான சம்பந்தி மட்டும் பட்டு வேட்டியோடு தெருவில் நின்றார். வேறு வழியில்லாமல் என் பக்கத்து சீட்டில் வந்து ஏறினார். நான் துடைத்துக்கூட விடவில்லை.

கார் முன்னால், நான் பின்னால். முதல் வளைவு திரும்பும்போது காரின் பின் கண்ணாடிக்குள் ஒரு சின்ன முகம் தெரிந்தது. கண் கொட்டாமல் என் வேனையே பார்த்தது. வழியெல்லாம் உம்மென்று வந்த சம்பந்திதான் முன்னால் குனிந்து வாயைத் திறந்தார்: "கொஞ்சம் கிட்டவே போங்க சம்பந்தி. புள்ள நம்மளத்தான் பாத்துகினு வருது."

ஆக, சம்பந்தியின் காரில் ஏறிய என் பேரன் மலை உச்சி வரைக்கும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் போனான்; கூடவே சம்பந்தியின் முகத்தையும் பார்க்க நேர்ந்தது அவன் தலையெழுத்து.