சேலை கார்டு வேண்டாம் என்றேன்

ஓரிக்கையிலிருந்து காஞ்சிபுரத்துப் பட்டுக்கடைக்கு வேலைக்குப் போய்வர, போன வருடம் புது சைக்கிள் வாங்கினேன். சீட் மெத்தென்று இருக்கிறதா, கால் தரையில் ஊன்றுகிறதா என்றெல்லாம் பார்த்தேன். "பின்சக்கரத்துக்கு சேலை கார்டு போட்டுக்கோம்மா, பொடவ மாட்டாது" என்றார் சைக்கிள் கடைக்காரர். அந்தக் கம்பி வலை பார்க்க அசிங்கமாக இருக்கும் என்று மறுத்துவிட்டேன்.

என்னோடு வேலை செய்யும் செல்வி தினமும் என் கேரியரில்தான் வருவாள். ஒரு காலை, எதிரே வந்த பஸ்ஸின் காற்றில் அவள் முந்தானை பறந்து பின்சக்கரத்தில் சுற்றிக்கொண்டது. நான் பிரேக் பிடிப்பதற்குள் கீழே விழுந்துவிட்டாள். வலது மணிக்கட்டு உடைந்துபோயிற்று. கட்டுப் பிரித்த பிறகும் கை சரியாகத் திரும்பவில்லை. புடவை பிரித்துக் காட்டி மடிக்க முடியாததால் வேலையை விட்டு நின்றுவிட்டாள்.

அவள் வீட்டுக்குப் போய் அழுதேன். "நீ இன்னாடி பண்ணுவ? நான்தானே ஏறிக்கினு வந்தேன்" என்றாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது.

சேலை கார்டும் செயின் கவரும் இப்போது போட்டிருக்கிறேன். முந்தானையை இடுப்பில் செருகாமல் ஏறுவதில்லை. பின்னால் யாரையும் ஏற்றுவதும் இல்லை. செல்வியின் தெரு வந்தால் மட்டும் இறங்கி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டே போகிறேன்.