துடுப்பில்லாமல் ஒரு சனிக்கிழமை

துடுப்பைக் கரையிலேயே வைத்துவிட்டுப் போகச் சொன்னது நான்தான். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். பின்னால் வருவதைப் படிக்கும்போது என் மனைவியின்மேல் யாருக்கும் குறை தோன்றக் கூடாது.

ஈப்போவிலிருந்து சுங்கை சிப்புட் போகும் பழைய சாலையில், ஒரு காலத்தில் ரப்பர் பால்மரம் நின்று இப்போது எண்ணெய் எடுக்கும் செம்பனை நிற்கும் தோட்டத்துக்குப் பின்னால் அந்தக் குட்டை இருக்கிறது. ஈயம் எடுத்த காலத்தில் தோண்டிய பள்ளம். கிழக்குக் கரை கெட்டியான மணல். நாங்கள் இறங்குவது அங்கேதான். மேற்குக் கரை ஈயம் அலசிக் கழித்த சேறு. பார்த்தால் சிமெண்டுத் தரை மாதிரி காய்ந்து கிடக்கும். கால் வைத்தால் இடுப்புவரை இழுக்கும்.

நாங்கள் வாங்கியது நின்றுகொண்டே துடுப்புப் போடும் காற்றடைத்த பலகை. அதன் நடுவில் பாய்மரம் பொருத்த ஒரு துளை இருந்ததை முதலில் கவனித்தவள் அவள். பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நான்காவது மாதம் ஒரு சிறிய பாயைத் தேடிப் பிடித்து வாங்கினாள். எனக்கு முழங்கால் சரியில்லை. இரண்டு தரம் விழுந்து பார்த்துவிட்டுக் கரைக்காரனாகிவிட்டேன். அவள் இருபது தரம் விழுந்தாள், இருபத்தோராவது தரம் நின்றாள்.

அவளுக்குப் பிடித்தது மெல்லிய காற்று. செம்பனை ஓலையின் நுனி மட்டும் அசையும் அளவுக்கு அடித்தால் போதும். பாயை முன்பக்கம் சாய்த்தால் பலகை காற்றைவிட்டு விலகித் திரும்பும், பின்பக்கம் சாய்த்தால் காற்றை நோக்கித் திரும்பும். பலகையின் அடியில் தண்ணீர் கொதிக்கத் தொடங்கும் பானைபோல முணுமுணுக்கும் என்று சொல்வாள். அந்தச் சத்தத்துக்காகத்தான் சனிக்கிழமைதோறும் போனாள். அவள் குட்டையைக் கடந்து திரும்பி வரும் முகத்தைப் பார்க்க நான் போனேன்.

போனதோடு நிற்காமல் குறிப்பும் எடுத்தேன். நாள், மணி, காற்று எந்தத் திசை, எப்போது எழுந்தது, எப்போது ஓய்ந்தது. ஏழு மாதம் எழுதியதில் ஒரு சட்டம் கண்டுபிடித்ததாக நினைத்தேன்: பகல் இரண்டு மணிக்குக் கடல் பக்கத்திலிருந்து, அதாவது மேற்கிலிருந்து, காற்று எழும், ஐந்து மணிவரை நிற்கும். பாய் சரிந்தாலும் அந்தக் காற்றே பலகையை நம் கரைக்குத் தள்ளிவிடும். பிறகு துடுப்பு எதற்கு? பலகைமேல் கட்டி வைத்தால் அவள் காலில் இடறியது. அந்தச் சனிக்கிழமை, பள்ளி விடுமுறையின் கடைசிச் சனிக்கிழமை, "வச்சிட்டுப் போ, காத்தே கொண்டாந்து விட்டுடும்" என்றேன். அவள் துடுப்பை ஒரு தரம் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். வைத்துவிட்டுப் போனாள்.

இரண்டு இருபதுக்கு இறங்கினாள். மூன்று மணிவரை எல்லாம் என் சட்டப்படி நடந்தது. மூன்று ஐந்துக்குக் காற்று நின்றது.

குறைந்து குறைந்து நிற்கவில்லை. விசிறியை அணைத்த மாதிரி நின்றது. அவள் அப்போது குட்டையின் நடுவையும் தாண்டியிருந்தாள். பாய் தளர்ந்து தொங்கியது.

எனக்குப் பத்தடி தள்ளி ஒருவர் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார். லாரி ஓட்டுபவர், அந்தத் தோட்டத்தில் தொழிலாளர் வரிசை வீடான லயத்திலேயே பிறந்தவர் என்று முன்பே சொல்லியிருந்தார். சனிக்கிழமைகளில் எங்களைப் பார்த்துச் சிரிப்பார்.

"என்னா அண்ணே, அக்கா நடுவுல நின்னுட்டாங்க? பெட்ரோல் முடிஞ்சிருச்சா?"

"காத்து வந்துரும். அஞ்சு மணிவரைக்கும் இருக்கும்."

"யாரு சொன்னா?"

"எழுதி வச்சிருக்கேன்."

"நீங்க எழுதினத காத்து படிச்சிச்சா?" என்று சிரித்தவர், சிரிப்பை நிறுத்திவிட்டுத் திரும்பி எங்கள் முதுகுக்குப் பின்னால் பார்த்தார். நானும் பார்த்தேன். தஞ்சோங் ரம்புத்தான் பக்கத்து மலைகள் காணாமல் போயிருந்தன. அவை இருந்த இடத்தில் மசி நிறத்தில் ஒரு சுவர்.

முதல் இடி மூன்று இருபத்திரண்டுக்கு. ஏன் மணியைப் பார்த்தேன் என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

அவளும் கேட்டிருக்க வேண்டும். பாயை விசிறிபோல முன்னும் பின்னும் ஆட்டினாள். பலகை ஒரு முழம் நகர்ந்து நின்றது. பிறகு குப்புறப் படுத்துக் கைகளால் தண்ணீரைத் தள்ளினாள். தண்ணீரில் சரிந்த பாய் நங்கூரம்போல இழுத்தது. மறுபடி எழுந்து நின்றாள். ஆளைவிட உயரமான பாய்மரத்தோடு, வெட்டவெளித் தண்ணீரில், அவள் ஒருத்தி மட்டும். என் கையில் துடுப்பு.

"காத்து இனி அங்கேருந்து வராது, அண்ணே. மழதான் காத்தக் கொண்டாரும். நம்ம முதுகுப் பக்கத்துலேருந்து அடிக்கும்."

"அப்ப இந்தக் கரைக்கு வர முடியாதா?"

"எப்படி வருவாங்க? நேரா சேத்துக்குத்தான் தள்ளும். போன வருசம் ஒரு மாடு அங்க எறங்கிச்சு. ரெண்டு நாளு கத்திச்சுலா."

நான் சட்டையைக் கழற்றத் தொடங்கினேன். எனக்கு நீந்தத் தெரியும், ஆனால் அவ்வளவு தூரம் தெரியாது. அவர் என் கையைப் பிடித்தார்.

"ரெண்டு பேர எடுக்கணுமா நான்? மோட்டர்ல ஏறுங்க, சுத்திக்கிட்டு சேத்துப் பக்கம் போயிருவோம். சப்பே, சீக்கிரம்!"

தோட்டத்துப் பாதையின் கம்பிக்கதவு சங்கிலி போட்டுப் பூட்டியிருந்தது. கார் என்றால் அங்கேயே முடிந்திருக்கும். மோட்டார் சைக்கிள் மட்டும் நுழையும் அகலத்துக்கு ஓரத்தில் வேலியை யாரோ அறுத்திருந்தார்கள். அதில் நுழைந்து செம்பனை நிரைகளுக்கு நடுவே ஓடினோம். மரங்கள் குட்டையை மறைத்துவிட்டன. அந்த ஐந்து நிமிடம் அவள் என்ன செய்கிறாள் என்று எனக்குத் தெரியாது. ஒவ்வொரு மின்னலுக்கும் இடி கேட்கும்வரை எண்ணினேன். எட்டு வரை எண்ணினேன். பிறகு ஆறு.

குட்டையை ஒட்டி நிரைகள் மிக நெருங்கி வரும் ஓர் இடத்தில் வண்டியை நிறுத்தினார். அங்கே சேறு, இரு கையையும் விரித்து அளந்தால், பத்துப் பன்னிரண்டு பாகம்தான். இரண்டு பக்கமும் அது திடல்போல விரிந்து கிடந்தது. அவள் இன்னும் நின்றுகொண்டிருந்தாள். தூரம்.

"மட்டையத் தூக்குங்க!"

செம்பனைத் தோட்டத்தில் வெட்டிப்போட்ட மட்டைகளை நிரைக்கு நிரை நடுவே குவித்து வைத்திருப்பார்கள். அவற்றை இழுத்து வந்து சேற்றின்மேல் குறுக்கே ஒன்று, நெடுக்கே ஒன்று என்று அடுக்கினார். சிறுவயதில் குட்டைக்கு மீன் பிடிக்க வந்தபோதெல்லாம் இப்படித்தான் பாதை போட்டுக்கொண்டு நடப்பார்களாம். முள் என் கையைக் கிழித்தது பிறகுதான் தெரிந்தது. மூன்று பாகம், ஐந்து பாகம், ஏழு.

அப்போது காற்று வந்தது. முதலில் சத்தம், எங்கோ ரயில் வருவதுபோல. அக்கரை ஓலைகள் வெள்ளையாகத் திரும்பின. குட்டையின்மேல் ஒரு கறுப்புக்கோடு அவளை நோக்கி ஓடி வந்தது.

"பாய விடு!" என்று கத்தினேன். "பாய விட்டுட்டுப் படு!"

அவள் விடவில்லை. பாய் நிரம்பியது. அவள் உடம்பைப் பின்னால் சாய்த்துத் தொங்கினாள். மெல்லிய காற்றுக்குப் பழகிய அந்தப் பலகை, நான் பார்த்தேயிராத வேகத்தில், எங்களுக்கு வடக்கே திடல்போல விரிந்த சேற்றைப் பார்த்து ஓடியது.

"விடுடி!" இருபத்தொன்பது வருடக் குடும்ப வாழ்க்கையில் நான் அப்படி அழைத்ததில்லை.

"கத்தாதீங்க அண்ணே, கையக் காட்டுங்க! எங்க நிக்கிறோம்னு அவங்களுக்குத் தெரியணும்ல!" என்று சொன்னவர், வண்டியில் வைத்திருந்த மஞ்சள் மழைச்சட்டையை ஒரு மட்டையின் நுனியில் மாட்டி ஆட்டினார்.

அவள் தலை திரும்பியது. பாயை மெல்லப் பின்னால் சாய்த்தாள். பலகையின் மூக்கு அங்குலம் அங்குலமாக எங்கள் பக்கம் திரும்பியது. பாயை விட்டுப் படுத்திருந்தால் காற்று தன் இஷ்டத்துக்கு அவளைத் தள்ளியிருக்கும் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. எங்களிடம் வருவதற்கு அவளிடம் இருந்தது அந்தப் பாய் ஒன்றுதான். அதைத்தான் விடச் சொல்லிக் கத்தியிருக்கிறேன்.

பலகை சேற்றில் மோதி வழுக்கி நின்றது. அவள் முழங்காலில் விழுந்தாள்.

"பலகைய விட்டு எறங்காதீங்க அக்கா! பாய்மரத்தக் கழட்டித் தள்ளுங்க!"

திருகைக் கழற்றிப் பாயை நீரில் தள்ளினாள். காற்று அதைப் புரட்டி எடுத்துக்கொண்டு போனது. நான் மட்டைகள்மேல் தவழ்ந்து போனேன். கடைசி மட்டைக்கும் பலகைக்கும் நடுவே ஒரு பாகம். எட்டிப் பிடிக்கப் போய் ஒரு காலைத் தவற விட்டேன். தொடைவரை போய்விட்டது. குளிர்ந்த, மொழுமொழுவென்ற ஒன்று காலைக் கவ்வியது.

"அசையாதீங்க," என்றாள் அவள், வகுப்பில் பேசும் குரலில். "பலகைமேல படுங்க. காலத் தூக்காதீங்க, பின்னால நீட்டுங்க."

மீட்கப் போனவனை அவள் சட்டையைப் பிடித்து இழுத்தாள். லாரிக்காரர் பலகையின் முன்பக்கத்துக் கயிற்றைப் பற்றி இருவரையும் சேற்றின்மேல் சறுக்க வைத்து இழுத்துக் கரை சேர்த்தார். மழை கொட்டியது. தோட்டத்துப் பழைய உரக்கொட்டகைக்கு ஓடினோம். நாங்கள் உள்ளே நுழைந்ததும் குட்டைப் பக்கம் வெளிச்சமும் சத்தமும் ஒன்றாக விழுந்தன. எண்ண இடமே இல்லை.



"பயமா இல்லியா அக்கா?" என்று லாரிக்காரர் கேட்டார்.

"காத்து இல்லாதப்பதான் பயமா இருந்துச்சு, தம்பி. வந்த பெறகு கையில வேலை இருந்துச்சுல்ல."

"நான் கத்தினது கேக்கலயா?" என்றேன்.

"கேட்டுச்சு." தலைமுடியைப் பிழிந்தாள். "அது வேணாம்னு தோணுச்சு."

மழை விட்டதும் அவர் எங்களை ஒவ்வொருவராக வண்டியில் கொண்டுவந்து காரருகே இறக்கினார். நன்றி சொல்ல வாயெடுத்தேன். "என் தூண்டில எவனாவது எடுத்துட்டானான்னு பாக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். முள் கிழித்த கையால் சாவியைத் துளையில் வைக்க என்னால் முடியவில்லை. அவள் சாவியை வாங்கிக்கொண்டு ஓட்டும் பக்கம் ஏறினாள்.

வழியெல்லாம் ஒரு வாக்கியத்தைத் தயார் செய்துகொண்டே வந்தேன்: இனிமேல் இது நமக்கு வேண்டாம். ஈப்போவின் முதல் சிவப்பு விளக்கில் வண்டி நின்றது. ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த அவள் கைகளைப் பார்த்தேன். இரண்டு உள்ளங்கைகளிலும் தோல் உரிந்து சிவந்திருந்தது.

"வலிக்குதா?" என்றேன்.

"இப்பதான் வலிக்குது," என்றாள். விளக்கு மாறியது. வண்டியை எடுத்தாள்.