கயிற்றின் கீழ்முனையில் தபீதாள்

“உங்க பேச்ச நம்புறேண்ணா. கம்பியத்தான் நம்பல. நீங்க இங்க வந்து நின்னாதான் ஸ்வீட்டி நைனா மரத்துல கால் வைப்பாரு.”

போனின் அந்தப் பக்கம் லைன்மேன் ஹேமநாத். மின்சாரத்தை நிறுத்திப் பத்து நிமிடம் ஆகிவிட்டது என்று தெலுங்கில் சத்தியம் செய்துகொண்டிருந்தார். தபீதாளும் தெலுங்குக்கு மாறி அதையே இன்னொரு முறை, கொஞ்சம் கூடுதல் மரியாதையோடு சொன்னார். பிறகு புடவைக்கு மேலே போட்டிருந்த ஆண்கள் சட்டையின் பையில் போனைப் போட்டுக்கொண்டு, என் வீட்டு மதில் நிழலில் உட்கார்ந்துவிட்டார். கணவர் ஸ்டீவன் இடுப்பிலும் தொடையிலும் பெல்ட் மாட்டிக்கொண்டு, மாப்பிள்ளை அழைப்புக்குத் தயாரானவர்போல் பக்கத்திலேயே காத்திருந்தார்.

இருபது நிமிடம் கழித்து ஹேமநாத்தின் பைக் வந்தது. மரத்தை ஒட்டிப் போகும் மின்கம்பியில், மின்சாரம் வந்தால் தரைக்கு இறக்கிவிடும் கோலை அவர் மாட்டிக் காட்டிய பிறகுதான் தபீதாள் எழுந்தார். “அவரு பொய் சொல்றாருன்னு இல்ல டீச்சர்,” என்றார் என்னிடம். “இங்க ஆப் பண்ணிக்கினு இருக்கும்போதே பக்கத்துல எவனாச்சும் ஜெனரேட்டர் போட்டா கரண்டு திரும்பி வந்துடும். அது போன்ல தெரியாது.”

தபீதாளுக்கு நாற்பத்துமூன்று வயது. சித்தூரில் வீடு. மரக்கிளை கழிப்பது தொழில். ஆனால் அவர் மரம் ஏறுவதில்லை. ஏறுவது ஸ்டீவன். இருவரும் ஒரு மொபெட்டில் ரம்பம், கயிறு, தண்ணீர்க் கேன் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு பலமனேரிலிருந்து திருப்பதிவரை போகிறார்கள். ஒரே மகள் ஸ்வீட்டி திருப்பதியில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள். ஸ்வீட்டியின் அப்பா என்று, மகள் பெயரைச் சேர்த்தேதான் கணவரைக் கூப்பிடுவார்.

எங்கள் பாகாலா வீட்டின் முன்னால் நிற்கும் தூங்குமூஞ்சி மரத்துக்காக அவர்களை வரச்சொல்லியிருந்தேன். புயல் மழையில் ஒரு கிளை முறிந்து சமையலறைக் கூரையில் விழுந்திருந்தது. பயந்துபோன நான், மரத்தை மேலே மொட்டையடித்துவிடச் சொன்னேன். தபீதாள் மரத்தை இரண்டு முறை சுற்றி வந்தார். ஒவ்வொரு கிளையையும் விரலால் சுட்டி, கோயில் தூணில் சிற்பம் பார்க்கிறவர்போல் நின்று நின்று பார்த்தார்.

“மொட்டை அடிச்சா அடுத்த வருசம் வெளக்குமாறு மாதிரி குச்சி குச்சியா மொளைக்கும். பாக்கறதுக்கு பச்சையா இருக்கும். ஆனா அது மேலாக்க ஒட்டிக்கினு இருக்கற கொம்பு. அடுத்த காத்துக்கு அதான் மொதல்ல ஒடையும். நாலு கிளைய எடுத்தா போதும் டீச்சர். கூரை மேல வர்றது ரெண்டு, கம்பி மேல வர்றது ஒண்ணு, பட்டுப்போனது ஒண்ணு.”

கேட்கிறவர்கள் எல்லோரும் முழுதாக வெட்டத்தான் சொல்கிறார்கள், நாலு கிளை போதும் என்றால் வேலை தெரியாதவர்கள் என்று வேறு ஆளைக் கூப்பிட்டுக்கொள்கிறார்கள் என்று ஸ்டீவன் குறைப்பட்டார். கிளை தண்டோடு சேரும் இடத்தில் வளையமாகப் பட்டை புடைத்திருக்கும். அதைத் தபீதாள் ‘மோதிரம்’ என்கிறார். மோதிரத்துக்கு வெளியே வெட்டினால் காயம் தானாக மூடிக்கொள்ளும், மோதிரத்தோடு வெட்டினால் மரம் உள்ளே அழுகும். கனத்த கிளை என்றால் முதலில் அடிப்பக்கம் கொஞ்சம் அறுத்துவிட்டுத்தான் மேலிருந்து அறுக்க வேண்டும், இல்லாவிட்டால் விழும்போது பட்டையை உரித்துக்கொண்டு போகும். இதையெல்லாம் அவர் அக்கறையாகச் சொல்லிக்கொண்டு வந்தது எனக்குப் பிடித்திருந்தது. கடைசியில் ஒரு கேள்வி கேட்டார்.

“பூச்சி கீச்சி எதுனா கீதுங்களா டீச்சர்? தேன்கூடு, குளவி, கதண்டு?”

“ஒன்றும் இல்லை,” என்றேன்.

அந்தப் பட்டுப்போன கிளையின் பொந்தைச் சுற்றிக் காலை வேளைகளில் கறுப்பாக ஒன்றிரண்டு பூச்சிகள் பறப்பதைப் பார்த்திருக்கிறேன். பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும் அவசரத்தில் பார்த்தது. அது பதில் சொல்லும்போது நினைவுக்கு வரவில்லை.

தபீதாள் கயிறு பிடிக்க வந்த கதையை ஸ்டீவனே சொன்னார். மூன்று வருடத்துக்கு முன் பலமனேர் சாலையில் ஒரு புளிய மரத்திலிருந்து ஸ்டீவன் விழுந்தார். அப்போது அவரிடம் பெல்ட்டும் கிடையாது, கயிறும் கிடையாது. இங்கே இந்தத் தொழிலில் இருக்கிற பெரும்பாலோருக்கு இன்றைக்கும் கிடையாது. இடுப்பெலும்பு முறிந்து ஐந்து மாதம் படுக்கை. அவருக்கு மதியச் சோறு ஊட்டிவிட்டு வீட்டுவேலைக்குப் போய்க்கொண்டிருந்த தபீதாள், திருப்பதியில் ஒரு கல்லூரி வளாகத்தில் பெங்களூர் ஆட்கள் மரம் கழிப்பதை மகளைப் பார்க்கப் போன இடத்தில் பார்த்தார். ஏறுகிறவனின் பெல்ட்டிலிருந்து ஒரு கயிறு மேலே போய், தடித்த கவையைத் தாண்டிக் கீழே இறங்கி, அடிமரத்தைச் சுற்றி, இன்னொருவன் கையில் முடிந்தது. அன்றைக்கும் மறுநாளும் வெயிலில் நின்று பார்த்துவிட்டு, அவர்களிடம் போய்க் கேட்டார்.

“அவங்க சொல்லிக் குடுத்தாங்க. ஆனா பாதி எனக்கு முன்னாடியே தெரியும்,” என்றார் தபீதாள். பலமனேரில் அவருடைய நைனா எருமை வளர்த்தவர். “முரட்டு எருமைய கையால இஸ்துக்கினு நிக்க முடியாது. கயித்த கம்பத்துல மூணு சுத்து சுத்திட்டா சின்னப் பொண்ணு கூட புடிச்சிக்கலாம். இவரு எருமைய விட கனம் கம்மிதானே.”

ஸ்டீவன் எழுந்து நடமாடியதும் அவர் வைத்த நிபந்தனை ஒன்றுதான். பெல்ட் போட்டால் மரம், இல்லாவிட்டால் வேறு வேலை. ஸ்டீவன் போட்டுக்கொண்டார், ஆனால் கூசினார். கூடத் தொழில் செய்கிறவர்கள் தபீதாளைக் ‘குரங்காட்டி’ என்று கூப்பிடத் தொடங்கியிருந்தார்கள். சந்தையிலும் டீக்கடையிலும் “இன்னாப்பா, இன்னிக்கி கயித்துல கட்டி இஸ்துக்கினு போவலயா?” என்று ஸ்டீவனைக் கேட்டார்கள். அவர் மரத்தின் உச்சிக்குப் போனதும் கீழே தெரியாமல் பெல்ட்டில் மாட்டிய கயிற்றுக் கொக்கியைக் கழற்றிவிட்டு இஷ்டம்போல் நகர்வார்.

கீழே தெரியாமல் என்பது அவருடைய நினைப்பு. என் வீட்டு மரத்தில் இரண்டு கிளையை இறக்கிவிட்டு மூன்றாவதற்கு அவர் நகர்ந்தபோது, தபீதாள் தலையைக்கூடத் தூக்காமல், கையிலிருந்த கயிற்றைப் பார்த்தபடியே குரல் கொடுத்தார்.

“ஸ்வீட்டி நைனா, கொக்கிய தொடாதீங்க.”

“தொடல,” என்று மேலிருந்து பதில் வந்தது. நானும் ஹேமநாத்தும் சிரித்துவிட்டோம்.

பத்து நிமிடம் கழித்து அந்தப் பட்டுப்போன கிளையில் மோட்டார் ரம்பத்தை வைத்தார் ஸ்டீவன். ரம்பத்தின் அதிர்வு மரத்துக்குள் இறங்கியது. பொந்திலிருந்து கறுப்பாக ஏதோ கொட்டியதுபோல் இருந்தது எனக்கு. அது கொட்டவில்லை, பறந்தது.

ஸ்டீவன் ஒரு முறைதான் கத்தினார். இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். அதில் ஒன்று கிளையைப் பிடித்திருந்த கை. முப்பதடி உயரத்தில் மனிதர் கிளையிலிருந்து சரிந்து, ஒரு ஆள் உயரம் விழுந்து, பெல்ட்டில் குலுங்கி நின்றார். ரம்பம் தனிக்கயிற்றில் அவர் பக்கத்தில் தொங்கி ஆடியது. இஞ்சின் தானாக அணைந்துவிட்டதால் கதண்டு வண்டுகளின் இரைச்சல் கீழ்வரை கேட்டது.

கீழேயும் வந்தன. ஹேமநாத் சட்டையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டு கேட்டைத் தாண்டி ஓடினார். “வதிலேசி பரிகெத்து அக்கா,” என்று அங்கிருந்து கத்தினார். விட்டுவிட்டு ஓடச் சொன்னார். பயத்தில் என்ன சொல்கிறோம் என்று தெரியாமல் சொன்னது அது. கயிற்றை விட்டால் ஸ்டீவன் நேராகத் தரைக்குத்தான் வருவார்.

தபீதாள் அசையவில்லை. கழுத்தில் ஒன்று உட்கார்ந்திருப்பதை நான் பார்த்தேன். அவர் தட்டிவிடவில்லை. தட்டிவிட ஒரு கை வேண்டும். அடிமரத்தில் சுற்றியிருந்த மூன்று சுற்றுக் கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விடத் தொடங்கினார். பட்டையில் உரசி அது கிறீச்சிட்டது.

“ஸ்வீட்டி நைனா, கண்ண மூடிக்கோங்க. நான் பாத்துக்கினு கீறேன்.”

கண் மூடித்தான் இருந்தது. இமைகள் அதற்குள் வீங்கிவிட்டிருந்தன.

“எறக்கறேன். கால மடக்குங்க. இப்ப ஒரு கிளை வருது, இடது பக்கம். தள்ளுங்க. ஆங், அப்படித்தான். இன்னும் மூணு ஆள் ஒசரம்.”

வேகமாக விட்டால் மறுபடி இடுப்பு போகும், மெதுவாக விட்டால் கதண்டு விடாது. இரண்டுக்கும் நடுவே ஒரு வேகத்தை அவர் கை கண்டுபிடித்திருந்தது. அதை மாற்றவே இல்லை. குரலையும் உயர்த்தவில்லை. வீட்டில் கணவருக்குச் சாப்பாடு எங்கே வைத்திருக்கிறது என்று சொல்கிற குரல் அது.

அப்போதுதான் நான் அசைந்தேன். கொடியில் காய்ந்துகொண்டிருந்த கம்பளியை உருவிக்கொண்டு ஓடித் தபீதாள்மேல் போட்டேன். தலையோடு போர்த்தப் போனேன்.

“மூஞ்ச மூடாதீங்க டீச்சர்,” என்றார். “அவர பாக்கணும்.”

முகத்தை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் மூடி, அவரைக் கட்டிப்பிடித்தபடி நின்றேன். என் காதில் ஒன்று கொட்டியது. காய்ச்சிய ஆணியைச் செருகியதுபோல் இருந்தது. இதை எத்தனை முறை வாங்கிக்கொண்டு இவர் பேசிக்கொண்டிருக்கிறார் என்று நினைத்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது.

“மதில் வருது. வலது கால நீட்டுங்க. தரை. தரை வந்துடுச்சி.”

ஸ்டீவனின் கால் மண்ணில் பட்டதும் ஹேமநாத் திரும்பி ஓடி வந்து அவரைத் தூக்கி என் காரில் போட்டார். கண்ணாடிகளை ஏற்றிக்கொண்டு நான் ஓட்டினேன். ஆஸ்பத்திரிக்கு ஐந்து நிமிடம். அந்த ஐந்து நிமிடமும் ஸ்டீவன் மூச்சை இழுத்து இழுத்து விட்டார். தபீதாள் ஒவ்வொரு மூச்சுக்கும் “ம்,” என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

ஊசி போட்டார்கள். முகத்தில் ஆக்சிஜன் வைத்தார்கள். அரைமணி நேரம் வெளியே காத்திருந்தோம். பிறகு டாக்டர் வெளியே வந்து, இறங்கியிருந்த பிரஷர் சரியாகிவிட்டது, மூச்சு சீராகிவிட்டது, இன்று இரவு இங்கேயே இருக்கட்டும், காலையில் போகலாம் என்றார். உள்ளே போனபோது ஸ்டீவனின் முகம் பரங்கிக்காய்போல் இருந்தது. இரண்டு கண்ணும் கோடாகக்கூடத் திறக்கவில்லை.

“மிசினு?” என்றார்.

“கட்டுனபடியே தொங்கிக்கினு கீது,” என்றார் தபீதாள். “அதுக்கு ஒரு கொட்டு கூட இல்ல.”

ஸ்டீவன் சிரிக்கப் பார்த்தார். வீங்கிய உதடு ஒரு பக்கம் மட்டும் போனது. “ஒண்ணுமே தெரியல தபீ. எந்தப் பக்கம் மேல, எந்தப் பக்கம் கீழன்னு தெரியல. நீ பேசிக்கினு இருந்த பக்கம்தான் கீழன்னு வெச்சிக்கினேன்.”

என்னால் அதற்குமேல் மனதில் வைத்திருக்க முடியவில்லை. காலையில் பூச்சிகளைப் பார்த்திருந்தேன், கேட்டபோது சொல்லவில்லை என்று இருவரிடமும் சொன்னேன். தபீதாள் என் வீங்கிய காதைப் பார்த்தார்.

“தெரிஞ்சிருந்தா சொல்லியிருப்பீங்க. நானும் வாயால ஒரு தபா கேட்டுட்டு உட்டுட்டேன். வீட்டுக்காரங்களுக்கு மரத்துல இன்னா கீதுன்னு எப்படித் தெரியும்? கம்பிக்கு மட்டும் ஆள வரவெச்சி நிக்க வெக்கறேன். பூச்சிக்கும் நான்தான் வந்து நின்னிருக்கணும். இனிமே மொத நாளே வந்து காலைல ஒரு வாட்டி, பொழுது போவ ஒரு வாட்டி பாத்துட்டுத்தான் கயித்த எடுப்பேன். வலை வெச்ச தொப்பி ஒண்ணும் வாங்கணும்.”

“ரெண்டு,” என்றார் ஸ்டீவன் படுக்கையிலிருந்து.

ஹேமநாத் வந்தார். மூன்று காகிதக் கப்பில் டீ கொண்டுவந்திருந்தார். பொந்தில் கூடு இருப்பதாகத் தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லிவிட்டதாகவும், அவர்கள் வந்து எடுக்கும்வரை தெருவில் யாரும் மரத்தடிக்குப் போகாமல் பார்த்துக்கொள்வதாகவும் சொன்னார். ஒரு கப்பைத் தபீதாளிடம் நீட்டினார்.

தபீதாள் வாங்கவில்லை. நர்ஸ் கழுத்தில் மருந்து தடவிக்கொண்டிருந்ததால் என்று நினைத்தேன். பிறகுதான் பார்த்தேன். அவருடைய இரண்டு கையும் மடியில், முஷ்டியும் அல்லாமல் விரிந்தும் அல்லாமல், கயிற்றின் பருமன் அளவுக்கு வளைந்தபடியே இருந்தன. விரிக்கப் பார்த்தார். விரியவில்லை. முதல் முறையாக அவர் முகம் கோணியது.

“இன்னா?” என்றார் ஸ்டீவன். கண் திறக்க முடியாமல் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தவர்.

“ஒண்ணுமில்ல. கை மடங்கிக்கிச்சி.”

ஸ்டீவன் ஊசி ஏறாத கையை நீட்டிக் காற்றில் துழாவினார். படுக்கை விளிம்பு, புடவை, முழங்கை என்று தொட்டுத் தொட்டு மனைவியின் வலது கையைக் கண்டுபிடித்தார். சுண்டுவிரலிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு விரலாக, நீவி நீவி நிமிர்த்தினார். ஐந்தாவது விரலும் நிமிர்ந்ததும் கையை விடாமல், “டீய குடுங்க,” என்று ஹேமநாத் இருந்த பக்கம் சொன்னார். கப்பைத் தபீதாளின் உள்ளங்கையில் வைத்து, கீழே விழுந்துவிடாமல் தன் கையை அடியில் கொடுத்துக்கொண்டார்.