தோளுக்கு மேலே போன யூட்

மவுண்ட் ரோஸ்கில்லில் அம்மன் யூட்டில் ஏறி ஊர்வலம் போனது என்னுடைய யோசனை. ஓக்லண்ட் முழுக்கச் சல்லடை போட்டாலும் அப்படியொரு மூளை இன்னொருவரிடம் அகப்படாது.

சரி, இதில் முக்கால்வாசி புளுகு. கோயில் கூட்டத்தில், சாமியை வீதிக்கு எப்படிக் கொண்டுபோவது என்று ஆண்கள் வாதாடிக்கொண்டிருந்தார்கள். நான் வீட்டுக்குப் போகப் பார்த்தேன். "யசீயின்ட யூட் அங்க நிக்குது" என்று சொன்னேன். அது என் காரை மறித்துக்கொண்டு நின்றது, அதற்காகச் சொன்னது. கூட்டம் அதை யோசனையாக எடுத்துக்கொண்டது. நானும் திருத்தப் போகவில்லை.

யூட் என்பது முன்னால் கார் போலவும் பின்னால் திறந்த தொட்டி போலவும் இருக்கும் வாகனம். இந்த நாட்டில் குழாய் பூட்டுகிறவர், கூரை வேய்கிறவர், வேலி அடிக்கிறவர் எல்லோரிடமும் ஒன்று நிற்கும். யசீகரன் வேலி அடிக்கிறவர். கோண்டாவிலில் பிறந்து, மலேசியாவில் சில வருடங்கள் ஒளித்தும் ஒளிக்காமலும் காலம் தள்ளி, இங்கே வந்து சேர்ந்தவர். அவர் நட்ட கட்டை சரிந்ததாக யாரும் முறையிட்டதில்லை. மனைவி கம்சாயினி முதியோர் பராமரிப்பு இல்லத்தில் வேலை செய்கிறாள். இரண்டு பேரும் என் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி. பழைய பள்ளிக்கூட டீச்சரான என்னை 'ரீச்சர்' என்றுதான் கூப்பிடுவார்கள்.

ஆள் கட்டை. கோயிலில் 'கட்டை யசீ' என்றால்தான் தெரியும். நெட்டை யசீ என்று ஒருவர் இருந்ததேயில்லை, ஒப்பிட ஆளில்லாமலே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. கூப்பிட்டால் சிரித்துக்கொண்டுதான் வருவார். ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் அந்தச் சிரிப்பு அவரிடம் நிற்காது. சாமியைத் தோளில் காவுகிற விஷயம்.

வந்த புதிதில் திருவிழாவுக்கு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முதல் ஆளாகச் சாமி தூக்குகிற தண்டுக்குக் கீழே போய் நின்றார். எல்லோரும் தூக்கினார்கள். அவர் நின்ற மூலை மட்டும் பள்ளமாக, அம்மன் அவர் பக்கம் சரிந்து எட்டிப் பார்த்தது போல நின்றாள். திருவிழாவுக்குப் பொறுப்பான விநாயகமூர்த்தி அவருடைய தோளைத் தட்டி, "தம்பி, நீர் பின்னால வாரும். ஆக்களுக்குத் தண்ணி குடும்" என்றார். அன்பாகத்தான் சொன்னார். அந்த அன்பு எங்கே குத்தியது என்று யசீயின் முகத்தில் தெரிந்தது.

அதனால்தான் அந்த யூட் அவருக்கு அவ்வளவு பெரிய விஷயமானது. வேலிப் பலகைகளை இணைத்துத் தொட்டியின் விளிம்புகளுக்கு மேலே ஒரு மேடை செய்தார். யாரும் அளக்கவில்லை, தற்செயலாக அந்த மேடை சாமி காவுகிறவர்களின் தோள் மட்டத்துக்குச் சரியாக வந்துவிட்டது. இறக்கவும் வேண்டாம், தூக்கவும் வேண்டாம். யூட்டின் பின்னால் வந்து நின்று தள்ளினால் தண்டு பலகையில் வழுக்கிக்கொண்டு ஏறும். ஐயர் அதைத் தெய்வச் செயல் என்றார். யசீ சாரதி இருக்கையில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, ஆள் நடக்கிற வேகத்தில், கோயில் வாசலிலிருந்து பக்கத்துத் தெருக்களைச் சுற்றி அம்மனைக் கொண்டுவருவார். வருடம் முழுக்க மற்றவர்களின் காணியில் குழி தோண்டுகிற மனிதருக்கு அந்த ஒரு காலைப்பொழுதுதான் சொந்தம்.

இனி யூட்டை உயர்த்துகிற பைத்தியம் யசீக்கு எப்படி வந்தது என்று சொல்லவேண்டும். டொமினியன் ரோட்டில் சிவப்பு விளக்குக்கு நின்றிருக்கிறார். பக்கத்தில் ஒரு யூட். அதன் ரயர் இவருடைய கண்ணாடி வரைக்கும் வந்ததாம். (எனக்குச் சொல்லும்போது கூரை வரைக்கும் என்றார், நான் கொஞ்சம் குறைத்திருக்கிறேன். நானே குறைக்கிறேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.) அதிலிருந்த பொடியன் குனிந்து பார்த்து, இவருடைய யூட்டைக் காட்டி, உன் ஸ்கேட்போர்ட் நன்றாக இருக்கிறது என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

அடுத்த வாரமே யசீ ஏவன்டேலில் நரேந்திரனின் பட்டறைக்குப் போனார். நரேந்திரன் கிள்ளான்காரர். இவருடைய யாழ்ப்பாணத் தமிழும் அவருடைய மலேசியத் தமிழும் முதல் வசனத்திலேயே முட்டிக்கொண்டன.

"தம்பி, பெரிய சில்லு போடவேணும்."

நரேந்திரன் முன்கண்ணாடியைக் குனிந்து பார்த்தார். "சில்லா? கண்ணாடி ஒண்ணும் உடையலையே அண்ணே."

"கண்ணாடி இல்லையப்பா, சில்லு. உருளுறது."

"டயரா? அப்படிச் சொல்லுங்க லா. நான் எங்க சில்லு சில்லா போச்சுன்னு தேடுறேன்."

பிறகு நரேந்திரன் பொறுமையாக விளங்கப்படுத்தினார். வெறும் பெரிய ரயரை மாட்டினால் மட்காட்டில் உரசும். முதலில் ஸ்பிரிங்கை மாற்றி உடம்பைத் தூக்கவேண்டும், பிறகு ரயர், அதற்கேற்ற அகலமான ரிம். எல்லாம் முடிந்ததும் அதற்கென்று இருக்கிற பரிசோதகர் பார்த்துச் சான்று தரவேண்டும், இல்லாவிட்டால் வீதியில் ஓட விடுகிற வாரண்ட் என்ற அனுமதி கிடைக்காது. வேகம் காட்டுகிற முள்ளும் பொய் சொல்லும், அதையும் சரிபார்க்கவேண்டும்.

"ஸ்டியரிங்கை முழுசா ஒடிச்சா அப்பவும் லேசா ஒரசலாம் அண்ணே. காத்து சரியா வச்சிருந்தீங்கன்னா பிரச்சினை இல்ல. சரி, பின்னாடி என்னா ஏத்துவீங்க? எவ்வளவு தூக்குறதுன்னு அதை வச்சுத்தான் சொல்லணும்."

"கட்டை. வேலிப் பலகை. சீமெந்து."

"அவ்வளவுதானா?"

"ஓம், அவ்வளவுதான்."

இந்த இடத்தில்தான் எல்லாம் பிழையாகிப்போனது. மறந்து சொன்ன பதில் இல்லை அது. பிறகு நானே கேட்டேன், "அம்மனைச் சொல்லியிருக்கலாமே" என்று. "ரீச்சர், சீமெந்து மூட்டையோட அம்மனையும் சேர்த்துச் சொல்லுறதோ? அவ என்ன சாமானே?" என்றார். தெய்வத்தைச் சுமை என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. அந்த மரியாதையில் தூக்கிய உயரம்தான் இது.

யூட் வீட்டுக்கு வந்த அன்று கம்சாயினி கதவைத் திறந்து, மேலே பார்த்து, "எனக்கு ஏணி வச்சிருக்கிறீங்களோ?" என்றாள். அவர் யூட்டின் பக்கத்தில் ஒரு படி பூட்டிக் கொடுத்தார். அவருக்கும் அது தேவைப்பட்டது. ஆனால் ஏறி உட்கார்ந்துவிட்டால் மற்றவர்களின் கார்க் கூரைகள் தெரியும். அந்தச் சந்தோஷத்தில் திருவிழாவரைக்கும் ஒருவருக்கும் காட்டாமல் வைத்திருந்தார்.

போன வருடத் திருவிழாக் காலை. வெயில் நன்றாக ஏறியிருந்தது. கோயில் வாசலுக்கு யூட் உறுமிக்கொண்டு வந்தது. கறுத்த ரிம், நாலு ரயருக்கும் சந்தனம், குங்குமம். பழைய மேடையை மேலே கட்டிச் சேலை சுற்றி, வாழைக்குட்டி கட்டியிருந்தார். விநாயகமூர்த்தி நெற்றியில் கையை வைத்து அண்ணாந்து பார்த்தார்.

"என்ன யசீ, இறங்கினது ஓக்லண்ட் விமான நிலையத்திலயோ?"

"கொஞ்சம் உயர்த்தினனான் அண்ணை."

"கொஞ்சமோ. அம்மன் கைலாயத்துக்கே போகப் போறா போல."

எல்லோரும் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். அப்போது அவ்வளவு அழகாக இருந்தார்.

நாதஸ்வரம் எழும்ப, அம்மன் தோள்களில் வெளியே வந்தாள். காவுகிறவர்கள் வழக்கம்போல யூட்டின் பின்னால் வந்து நின்றார்கள். தள்ளப் பார்த்தார்கள். தண்டு பலகையின் விளிம்பில் இடித்து நின்றது. மேடை அவர்களுடைய தோளுக்கு மேலே, காது மட்டத்தில் இருந்தது.

"தலைக்கு மேல தூக்குங்கோ" என்று யாரோ சொன்னார்கள். ஐயர் கையைக் காட்டித் தடுத்தார். "அதெல்லாம் வேண்டாம். அம்பாள் சரிஞ்சா ஆர் பொறுப்பு?"

எழுந்தருளிய சாமியைத் திரும்பத் தரையில் வைக்கக் கூடாது. அது எல்லோருக்கும் தெரியும். அதனால் தோள்கள் காத்திருந்தன. யசீ இறங்கி ஓடி வந்து பலகையையும் தோளையும் மாறி மாறிப் பார்த்தார். அவருடைய முகத்தில் இருந்த நிறம் போனதை நான் கண்டேன்.

"மேடையைக் கழட்டினா?" என்றார்.

"கழட்டினா அம்பாள் தொட்டிக்குள்ள போயிடுவா" என்றார் ஐயர். "குளிக்க வார்க்கிற குழந்தை மாதிரி முகம் மட்டும் வெளியில தெரியும். வேண்டாம்."

"காத்தைத் திறந்து விடும்" என்றார் விநாயகமூர்த்தி.

யசீ வெள்ளை வேட்டியோடு முழங்கால் போட்டு, ஒவ்வொரு ரயராக, காற்று வாயைத் திறப்புச் சாவியின் முனையால் அழுத்தினார். நாதஸ்வரக்காரர் மரியாதைக்கு நிறுத்திவிட்டார். நிறுத்தாமல் இருந்திருக்கலாம். அந்த 'இஸ்' என்ற சத்தம் மட்டும் ஊர் முழுக்கக் கேட்டது. யூட் கொஞ்சம் அமர்ந்தது. போதவில்லை.

கார் நிறுத்துமிடத்தின் மறு கரை பள்ளம். அங்கே பின்சில்லை இறக்கினால் சரிவரும் என்று நினைத்தார் போல. ஏறி, ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்து, பின்னால் எடுத்தார். காற்றுப் போன ரயர் மட்காட்டில் ஏறி உரச, பறைத் தோலைக் கிழித்தது போல ஒரு சத்தம். உள்ளே இருந்த கறுத்த பிளாஸ்டிக் தகடு கிழிந்து நிலத்தில் இழுபட்டது. அம்மனுக்கு முன்னால், அவ்வளவு சனத்துக்கு முன்னால். ஒரு பொம்பிளை சிரித்துவிட்டாள். அது நான் என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம்.

"விடும் தம்பி" என்றார் விநாயகமூர்த்தி. "காவியே சுத்திவருவம். யூட்டை ஓரத்தில விடும்."

அவர் யூட்டை ஓரமாக விட்டார். சேலை சுற்றிய மேடையும் வாழைக்குட்டியும் அப்படியே, சாமி இல்லாத சகடை வண்டியாக, அது வேலி ஓரம் நின்றது. யசீ தண்ணீர்ப் போத்தல்களை எடுத்துக்கொண்டு எல்லோருக்கும் பின்னால் நடக்கத் தொடங்கினார்.

எங்கள் ஆட்கள் கணினிக்கு முன்னால் இருக்கிறவர்கள். வாசலிலிருந்து யூட் வரைக்கும் காவிப் பழகிய தோள்கள். இரண்டாவது தெரு திரும்பும்போது பின்மூலையில் நின்றவர் முகம் வெளிறி, "என்னால ஏலாது, ஆராவது மாறுங்கோ" என்றார். மாற்றுக்கு நின்றவர்கள் ஏற்கெனவே தண்டுக்குக் கீழேதான் நின்றார்கள். விநாயகமூர்த்தி திரும்பிப் பார்த்தார். பெண்களும் பிள்ளைகளும், கையில் தண்ணீர்ப் போத்தலோடு யசீயும். யசீ போத்தல்களை என்னிடம் தந்துவிட்டுப் போய் நுழைந்தார்.

நான் சரியாகப் பின்னால் நின்றேன். தண்டுக்கும் அவருடைய தோளுக்கும் நடுவில் ஒரு விரல் இடைவெளி. பாரம் முழுவதும் முன்னால் நின்றவர்மேல். யசீ சாமியைக் காவவில்லை, தண்டுக்குக் கீழே நடந்துகொண்டிருந்தார். பின்னால் வந்தவர்கள் எல்லோரும் அதைக் கண்டார்கள். கண்டுவிட்டு, வீதியோரப் பூக்களையும் வீட்டு இலக்கங்களையும் பார்த்துக்கொண்டு வந்தார்கள். அவர் தலையை நிமிர்த்தவேயில்லை. சாமி உள்ளே போனதும் அன்னதானத்துக்கு நிற்காமல் போய்விட்டார்.

இந்த வருடம் விநாயகமூர்த்தி வெட்டிய புல்லு ஏற்றுகிற தன்னுடைய ட்ரெயிலரைக் கழுவி, மஞ்சள் தண்ணீர் தெளித்து, அதில் அம்மனை வைத்தார். சாமி கொஞ்சம் தாழ்ந்துதான் போனாள், ஆனால் குலுங்காமல் போனாள். யசீயின் பழைய சில்லுகள் எப்போதோ விலைப்பட்டு வேறொருவருடைய வான் வண்டியில் ஓடிக்கொண்டிருக்கின்றன. உயர்த்தியதை இறக்கிவிடலாம் என்று நரேந்திரன் சொன்னாராம். இவர் இன்னும் போகவில்லை. கோயிலுக்கு வரும்போது யூட்டைத் த்ரீ கிங்ஸ் கடைத்தொகுதியில் விட்டுவிட்டு நடந்து வருகிறார்.

"ஏன் தம்பி, அவ்வளவு தூரத்தில விட்டிட்டு வாறீர்?"

"நடந்தா உடம்புக்கு நல்லம் ரீச்சர்."

எனக்கே மேலே கேட்க வெட்கமாக இருந்தது.

இவ்வளவையும் எழுதி முடித்து, கறிவேப்பிலை தர வந்த கம்சாயினிக்கு வாசித்துக் காட்டினேன். ஸ்கேட்போர்ட்டுக்குச் சிரித்தாள், ஏணிக்குச் சிரித்தாள், புளுகுக்கெல்லாம் தலையாட்டினாள். முடிந்த பிறகு கறிவேப்பிலையைக் காம்பிலிருந்து உருவத் தொடங்கினாள்.

"ரீச்சர், மற்றதெல்லாம் இருக்கட்டும். அந்த ஒரு விரல் இடைவெளியை வெட்டி விடுங்கோ."

"நான் என்ர கண்ணால கண்டதெல்லே."

"நீங்கள் கண்டது அவர் நுழைஞ்ச உடன. பிறகு தண்டு தோளில முட்டினது. அவர் திரும்பி வாசலுக்கு வருமட்டும் நுனிக்காலிலதான் நடந்தவர். குதிக்கால் நிலத்தில படேல்லை. அண்டைக்குப் பின்னேரம் தோள் கன்றிப்போயிருந்தது, கெண்டைக்கால் ரெண்டும் கல்லு மாதிரி. நான்தான் எண்ணெய் தடவி விட்டனான்."

"அதை ஏன் பிள்ளை ஒருத்தருக்கும் சொல்லேல்லை?"

"சொல்லாதை எண்டு சொன்னவர். யூட்டைச் சொல்லிச் சிரிக்கிறவை சிரிக்கட்டாம். தான் நுனிக்காலில நிண்டதை ஆரும் கண்டிருப்பினமோ எண்டுதான் இப்பவும் கேட்கிறார். நான் ஒருத்தரும் காணேல்லை எண்டு சொல்லி வச்சிருக்கிறன். நீங்கள் எழுதுறதெண்டால், தண்டு தோளில முட்டினது எண்டு மட்டும் எழுதுங்கோ."