துரு என்று எழுதிய போத்தல்

எனக்குப் பிடிக்காத வார்த்தை "அதே மாதிரி." பழைய பட்டாள ஹெல்மெட் சேர்க்கிறவனிடம் வந்து, "அந்தத் தாடை வார் கிடைக்கலேன்னா என்ன, அதே மாதிரி ஒண்ணு தைச்சுப் போட்டுக்கலாமே" என்று யாராவது சொன்னால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அதே மாதிரி என்றால் அது இல்லை என்றுதானே அர்த்தம்? ஒரிஜினல் கிடைக்கும்வரை அந்த இடம் காலியாகவே இருக்கட்டும் என்பது என் கட்சி. இந்தப் பிடிவாதத்தோடு கண்டி மாநகர சபையில் முப்பது வருடம் கிளார்க்காகக் குப்பை கொட்டியிருக்கிறேன் என்பது எனக்கே ஆச்சரியம்தான்.

வீட்டுப் பின்னறையில் ஏழு ஹெல்மெட்கள் இருக்கின்றன. உலக யுத்த காலத்தில் பேராதனைப் பக்கம் வெள்ளைக்காரப் பட்டாளம் முகாம் போட்டிருந்தது. அவர்கள் போய்விட்டார்கள், அவர்களுடைய தொப்பிகள் இங்கேயே தங்கிவிட்டன. கவிழ்த்துப் போட்ட சோற்றுத் தட்டு மாதிரி அகலமான விளிம்பு. ஒன்றில் ஒரு வீட்டில் கோழிக்குத் தண்ணீர் வைத்திருந்தார்கள். இன்னொன்றில் ஒரு மேசன் சீமெந்து அள்ளிக்கொண்டிருந்தார். இரும்பு எப்படியாவது கிடைத்துவிடும். கிடைக்காதது உள்ளே இருக்கிற சாமான்கள்தான். தலையைச் சுற்றிப் படுகிற தோல் பட்டையைப் பூஞ்சணம் தின்றுவிடும், உச்சியில் வைத்த ரப்பர் மெத்தை உருகிப்போகும், தாடைக்குக் கீழே போகிற வாரை எலி கொண்டுபோய்விடும்.

என் மனைவிக்கு இந்த அறையைக் கண்டாலே ஆகாது. "ஒரு தமிழன் வீட்டுல பட்டாளத் தொப்பி ஏழு இருக்குன்னு யாராச்சும் போய்ச் சொல்லிட்டா, நீங்க வெள்ளைக்காரன் கதையச் சொல்லி முடிக்கிறதுக்குள்ள ஜீப்பு வந்துரும்" என்பாள். நான் சிரிப்பேன். சிரித்தாலும் பின் ஜன்னலுக்குத் தடித்த திரை ஒன்று வாங்கிப் போட்டவன் நான்தான். அவள் சொல்வதில் தப்பு ஒன்றும் இல்லை.

போன வருடம் கெலிஓயாவில் பழைய இரும்புக் கடை வைத்திருக்கிற முஸ்லிம் நானா டெலிபோன் கோல் எடுத்தார். எனக்காகக் கண்ணை விரித்து வைத்திருக்கிற ஒரே மனிதர் அவர்.

"அண்ணே, ஒங்கட சட்டி ஒண்டு ஈக்கிது. கம்பளைக்கு மேல தோட்டத்துல ஒரு பொம்பளை வச்சீக்கிறா. உள்ளுக்குத் தோலு அப்புடியே ஈக்கிது. நான் கேட்டேன், தர ஏலாண்டு சொல்லிட்டா. நீங்க போய் ஒங்கட வாயால கேட்டுப் பாருங்க."

தோல் அப்படியே இருக்கிறது என்ற பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை கம்பளையில் இறங்கி, ஆட்டோ பிடித்து, ஆட்டோ ஏறாத மேட்டை நடந்தே ஏறி, தொழிலாளர் வரிசை வீடுகளான அந்த லயத்துக்குப் போனேன். அறுபத்தைந்து வயது தாண்டிய அம்மா ஒருவர், தேயிலைக் கொழுந்து எடுத்து ஓய்வு பெற்றவர், கதிரையை இழுத்துப் போட்டுத் தேத்தண்ணி கொடுத்தார். தனியாகத்தான் இருக்கிறார். அக்கா என்று கூப்பிட்டேன்.

தொப்பி அடுப்படிக் கதவோரம் ஒரு ஆணியில் தொங்கியது. புகை பட்டுப் பட்டு அட்டக்கரி. ஆனால் திருப்பிப் பார்த்தால் உள்ளே தோல் பட்டை, ரப்பர் மெத்தை, உச்சித் திருகாணி எல்லாம் வைத்தது வைத்தபடி.

"விக்கிறதுக்கு இல்ல சார்" என்று நான் கேட்பதற்கு முன்பே சொன்னார். "எங்கப்பா போட்டது. சின்ன வயசுல வெள்ளைக்காரன் பட்டாளத்துல சாமான் தூக்கினாராம். அவுங்க போறப்ப குடுத்துட்டுப் போனது. பொறகு தோட்டத்துல கல்லு ஒடைக்கிற வேலைக்கு இதத்தான் போட்டுக்கிட்டுப் போவாரு."

நான் தலையாட்டினேன். எழுந்து போக மனம் வரவில்லை. அவரே தொடர்ந்தார்.

"வாரு அறுந்து போச்சு சார். ஆணியில நிக்க மாட்டேங்குது, விழுந்துக்கிட்டே இருக்கு. அத மட்டும் சரி பண்ணித் தருவீங்களா? ஆயுத பூசைக்கு முன்ன கொண்டாந்துடணும். இது இல்லாம பூச வைக்க மாட்டோம்."

என்னிடம் ஒரு வார் இருந்தது. இரண்டு பக்கமும் ஸ்பிரிங் வைத்த ஒரிஜினல். இரண்டு வருடம் அலைந்து, பிலிமத்தலாவையில் ஒரு பித்தளைச் சாமான் கடையின் கழிவுச் சாக்கில் கண்டெடுத்தது. அதை இந்தத் தொப்பிக்கே போட்டுவிடுவது என்று அங்கேயே முடிவு செய்தேன். என்னைப் பெரிய மனசுக்காரன் என்று நினைத்துவிடாதீர்கள். இவ்வளவு அழகாகச் செய்து கொடுத்தால் அவர் மனம் இளகும், என்றைக்காவது ஒருநாள் "நீங்களே வச்சுக்குங்க சார்" என்பார் என்று கணக்குப் போட்டேன். தூண்டிலில் புழுக் கோத்தேன், அவ்வளவுதான்.

தொப்பியை வீட்டுக்குக் கொண்டுவந்து வார் மாட்ட அரை மணி நேரம்கூட ஆகவில்லை. அதோடு நிறுத்தியிருக்கலாம். அவர் கேட்டது அதை மட்டும்தான். ஆனால் கை சும்மா இருந்தால்தானே! மேலே இருந்த கரியை மெதுவாகத் துடைத்தேன். உள்ளே மணல் கலந்து அடித்த பழைய பச்சைப் பெயின்ட் தலைகாட்டியது. முன்பக்கம் நெற்றிக்கு நேரே மட்டும் ஒரு ரூபாய்க் குற்றிக் காசு அளவில் பெயின்ட் இல்லை. சிவப்பும் மஞ்சளுமாக ஏதோ இறுகிக் கிடந்தது. துருவும் பட்டியும் என்று தீர்மானித்தேன். எவனோ ஓட்டை ஒடுக்கை மறைக்கப் பட்டி பூசியிருக்கிறான், அதற்குள் துரு ஏறிவிட்டது. ஒரிஜினலின் மேல் கை வைத்த அந்த முட்டாளை வாய்விட்டுத் திட்டினேன்.

கம்பித் தூரிகை நான் தொடமாட்டேன். ஈர்க்குச்சியைச் சீவி, சனிக்கிழமை பின்னேரம் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டினேன். எனக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்தத் தொப்பியிலிருந்து எது உதிர்ந்தாலும் எறியமாட்டேன். கடதாசியில் விழுந்த பொடியை ஒரு மாத்திரைப் போத்தலில் போட்டு, "துரு. கம்பளை" என்று எழுதி ஒட்டி அலுமாரியில் வைத்தேன். மிச்சம் ஒட்டியிருந்ததை ஈரப் பிரஷ்ஷால் கழுவிவிட்டேன். அடியில் அழகான ஒரு பள்ளம் வந்தது. குண்டு பட்ட தடம்! எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஆயுத பூசையன்று லீவு போட்டுவிட்டுக் காலையிலேயே போனேன். அக்கா வாசலைக் கழுவி, தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தி, மண்வெட்டி, தன்னுடைய பழைய கொழுந்துக் கூடை எல்லாவற்றையும் வரிசையாக வைத்திருந்தார். நடுவில் ஒரு மணைப் பலகை காலியாக இருந்தது. தொப்பியை வாங்கியவர் முதலில் வாரை இழுத்துப் பார்த்தார். ஸ்பிரிங் துள்ளியதும் சிரித்துவிட்டார். பிறகு, பார்க்காமலே, அவருடைய பெருவிரல் முன்பக்கம் போனது. பள்ளத்துக்குள் விழுந்தது. சிரிப்பு நின்றுவிட்டது.

"இதுல இருந்தது எங்க சார்?"

எனக்கு அப்போதும் உறைக்கவில்லை. "துரு புடிச்சிருந்துச்சுக்கா. எடுத்துட்டேன். பாருங்க, யுத்தத்துல குண்டு பட்ட தடம்" என்று பெருமையாகச் சொன்னேன்.

"குண்டு இல்ல சார், கல்லு" என்றார். "கல்லு ஒடைக்கையில வெடி வச்சப்ப தெறிச்சு, அப்பா நெத்திக்கு நேரா பட்டுச்சு. தொப்பி ஒடுங்கிருச்சு, மனுசன் பொழைச்சிட்டாரு. அந்த வருச ஆயுத பூசைக்கு எங்கம்மா அந்தப் பள்ளத்துல சந்தனமும் குங்குமமும் கொழைச்சு ஒரு பொட்டு வச்சாங்க. மத்தத எல்லாம் கழுவுவாங்க, அந்தப் பொட்டக் கழுவ வுட மாட்டாங்க. அடுத்த வருசம் அதுக்கு மேலயே இன்னொண்ணு. பள்ளம் இருந்த எடமே தெரியாம நெறையிற வரைக்கும் வச்சாங்க. அம்மா போனப்பொறகு நான் வைக்கிறேன்."

காலையில் நெற்றியில் சந்தனம் வைக்காமல் நான் ஆபீஸ் போவதில்லை. அன்றைக்கும் வைத்திருந்தேன். எந்த முட்டாளைத் திட்டினேனோ அந்த முட்டாள் யார் என்று தெரிந்துவிட்டது. ஒரிஜினல், ஒரிஜினல் என்று ஊரெல்லாம் அலைந்தவன், அந்தத் தொப்பியில் வேறு எங்கும் கிடைக்காத ஒன்றை ஈர்க்குச்சியால் சுரண்டியிருக்கிறேன்.

"பரவால்ல சார், தெரியாமத்தானே" என்று சொல்லிவிட்டு அவர் கத்திகளின் பக்கம் திரும்பிக்கொண்டார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது. எனக்கு அழுகை வந்தது, வெட்கத்தில் அடக்கிக்கொண்டேன்.

அப்போதுதான் போத்தல் ஞாபகம் வந்தது. "அக்கா, பின்னேரம் வரைக்கும் பொறுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு மேட்டிலிருந்து கிட்டத்தட்ட ஓடினேன். கம்பளையில் பஸ் பிடித்துக் கண்டிக்குப் போய், வீட்டுக்குள் செருப்போடு நுழைந்தேன். விஷயத்தைக் கேட்ட மனைவி தானே அந்த அறைக்குள் வந்து அலுமாரியைத் திறந்தாள். போத்தலின் மூடியைத் திருகி மூக்கருகே வைத்துப் பார்த்தாள்.

"சந்தனம் மணக்குதேங்க. இது கூடவா தெரியல ஒங்களுக்கு?"

அவள் போத்தலை ஒரு கைக்குட்டையில் சுற்றி என் சட்டைப் பையில் வைத்துவிட்டாள்.

திரும்ப மேடு ஏறியபோது நாலு மணி தாண்டிவிட்டது. மற்ற வீடுகளில் பூசை முடிந்து கடலை பங்கிட்டுக்கொண்டிருந்தார்கள். இவர் வீட்டில் மட்டும் கற்பூரம் ஏற்றவில்லை. தொப்பி பலகையில் இருந்தது.

போத்தலைக் கையில் வாங்கியவர் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் எழுத்துக்கூட்டிப் படித்தார். "து-ரு." நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தார். "எங்கம்மா கேட்டிருந்தா ஒங்கள வெளக்கமாத்தால அடிச்சிருக்கும்."

பொடியை ஒரு சின்னக் கிண்ணத்தில் கொட்டி, புதுச் சந்தனம் துளி சேர்த்து, தண்ணீர் விட்டுக் குழைத்தார். கிண்ணத்தை என் பக்கம் நீட்டினார்.

"எடுத்தது நீங்கதானே. நீங்களே வைங்க தம்பி."

காலையிலிருந்து சார் என்றவர் தம்பி என்றது எனக்குக் கேட்டது. மோதிர விரலால் தொட்டு, வழித்து வழித்துப் பள்ளத்துக்குள் வைத்தேன். கிண்ணம் காலியானது. பள்ளம் பாதிகூட நிறையவில்லை. கழுவிவிட்டது கழுவிவிட்டதுதான். மேலே புதுக் குங்குமத்தால் அவர் ஒரு பொட்டு வைத்துக் கற்பூரம் ஏற்றினார்.

கடலையும் வாழைப்பழமும் தந்து வழியனுப்பும்போது கேட்டேன்: "பழையபடி நெறையிறதுக்கு எவ்வளவு நாளாகும்க்கா?"

"அம்மாவுக்கு நாப்பது வருசம் ஆச்சு."

எனக்கு ஐம்பத்தெட்டு வயது. அவருக்கு என்னைவிட எட்டு வயது கூட.

"அப்ப அடுத்த வருசம் நேரத்தோட வந்துருங்க தம்பி" என்றார்.